நேற்று 'டெக்ஸ்ட்'டா, 'டெக்ஸ்டட்'டா?

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். படிவம் 4 மாணவி ஒருத்தி 'ஐ டெக்ஸ்ட் ஹெர் யெஸ்டர்டே' என்று எழுதியதை 'டெக்ஸ்டட்' என்று திருத்தினேன். "அப்படி யாருமே சொல்றதில்லையே டீச்சர்" என்கிறாள். கூகுள், வாட்ஸ்அப் மாதிரி புதுச் சொற்களுக்கு இறந்தகாலம் எப்படி வரும்? எதைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பது?
- சுங்கை சிப்புட் வாசகி

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் திருத்தியது சரி. ஆங்கிலத்தில் புதிதாக வரும் வினைக்கெல்லாம் பெரும்பாலும் 'ஈடி' போட்டால் முடிந்தது: கூகுள்ட், வாட்ஸ்அப்ட், டெக்ஸ்டட். 'கோ-வென்ட்', 'சிங்-சேங்' எல்லாம் பழைய சொத்து, அந்தக் கூட்டத்தில் புதுச் சொல் சேர்வது அபூர்வம்.

1958-இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டி, இந்த மனிதருக்கு 'ரிக்' பண்ணத் தெரியும், நேற்றும் அதைத்தான் செய்தார், நேற்று என்ன செய்தார் என்று கேட்டார். அந்தப் பொருளில் 'ரிக்' என்று ஒரு வினையே கிடையாது, ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் 'ரிக்ட்' என்றார்கள். 'கிளிங்' என்று இன்னொன்றைக் கேட்டபோது 'கிளேங்' என்று தடம் மாறியவர்கள் அதிகமும் பெரியவர்கள்தான்.

அப்படியானால் உங்கள் மாணவி ஏன் 'டெக்ஸ்ட்' என்றாள்? 'மிக்ஸ்' இறந்தகாலத்தில் 'மிக்ஸ்ட்', 'ஃபிக்ஸ்' 'ஃபிக்ஸ்ட்'. இப்போது 'டெக்ஸ்ட்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கடைசி ஒலி அச்சாக அதேதான்! ஏற்கனவே நடந்து முடிந்தது போலக் காதில் விழுகிற சொல்லுக்கு இன்னொரு 'ஈடி' எதற்கு என்று நாக்கு நின்றுவிடுகிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே பேச்சில் இப்படிச் சொல்வதுண்டு. நம் பிள்ளைகளுக்கோ மலாய்ப் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அங்கே வினை மாறாது, முன்னால் 'ஏற்கனவே' என்று பொருள்படும் 'சுடா' வைத்தால் போதும், அதிலிருந்துதான் 'ஐ ஆல்ரெடி டெக்ஸ்ட்' வருகிறது. அவளுக்குக் காது நன்றாகவே இருக்கிறது, தயவுசெய்து கவனக்குறைவு என்று திட்டிவிடாதீர்கள். பரீட்சையில் மட்டும் 'டெக்ஸ்டட்' என்றே எழுதச் சொல்லுங்கள், அகராதிகள் தருவது அதைத்தான்.

'பாட்காஸ்ட்' கொஞ்சம் சிக்கல். உள்ளே மாறாத பழைய 'காஸ்ட்' உட்கார்ந்திருப்பதால் 'பாட்காஸ்ட்', 'பாட்காஸ்டட்' இரண்டுமே புழங்குகின்றன.

அப்புறம், வகுப்பில் தமிழிலிருந்தே தொடங்கலாம். வந்தேன், நின்றேன், கேட்டேன் என்று நம் பழைய வினைகள் ஒவ்வொன்றும் ஒரு விதம். புதுசு வந்தால் 'கூகுள் பண்ணினேன்', 'டெக்ஸ்ட் பண்ணினேன்' என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் சரியாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு 'ஈடி'க்குப் போங்கள், விதி பாதி புரிந்திருக்கும்.

அன்புடன்.