வீட்டிலிருந்தே பின்னணிக் குரல் கொடுக்க எந்த மைக் வாங்கலாம்?

கேள்வி இதுதான்: வீட்டில் பத்துக்குப் பத்து அறை ஒன்று காலியாக இருக்கிறது. கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. விளம்பரம், ஆவணப்படம், ஒலிநூல் ஆகியவற்றுக்குக் குரல் கொடுப்பதைத் தொழிலாகவே எடுத்துக்கொள்ள ஆசை. எந்த மைக் வாங்குவது? டைனமிக் மைக் வாங்கினால் தெருச் சத்தம் விழாது என்கிறார்களே, உண்மையா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்மை இல்லை. டைனமிக் மைக் என்பது காந்தமும் கம்பிச்சுருளும் வைத்து இயங்கும் வகை, அதன் உணர்திறன் குறைவு. அதனால் தெருச் சத்தம் குறைவாக விழும். உங்கள் குரலும் அதே அளவுக்குக் குறைவாகத்தான் விழும். குரல் போதவில்லை என்று கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றித் திருகினால் ஆட்டோ ஹாரனும் கூடவே ஏறி வந்து நிற்கும். பிறகு ஏன் எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள் என்றால், டைனமிக் மைக்கை நாம் வாயிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் வைத்துப் பேசுகிறோம், உணர்திறன் கூடிய இன்னொரு வகையான கண்டன்சரை ஒரு சாண் தள்ளி வைக்கிறோம். தூரம் பாதியாகக் குறைந்தால் மைக்கில் விழும் குரல் 6 டெசிபெல் கூடும். அறைக்குள் புகுந்த தெருச் சத்தமோ அப்படியே இருக்கும். லாபம் முழுவதும் தூரத்தால் வந்தது. பெயர் மட்டும் மைக்குக்குப் போய்விட்டது.

அந்த நெருக்கத்துக்கு விலையும் உண்டு. வாயருகே வைத்தால் அடிக்குரல் தானாகவே கனத்து ஒலிக்கும், மூச்சும் எச்சில் ஒலியும் துல்லியமாக விழும், தலையைச் சற்றுத் திருப்பினாலும் குரலின் நிறம் மாறும். வானொலி அறிவிப்பாளர்களுக்கு அந்தக் கனம் பிடிக்கும். மூன்று மணி நேர ஒலிநூலில் அதே நிலையில் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள், கழுத்து பேசும். எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்.இ.20 போன்ற சில மைக்குகளில் மட்டும் இந்தக் கனம் ஏறாதபடி உள்ளமைப்பிலேயே வழி செய்திருக்கிறார்கள். 1968இல் வந்த மைக் அது, இன்றும் விற்பனையில் இருக்கிறது.

இனி என் கதை. நங்கநல்லூரில் வாடகை வீடு. விமான நிலையம் ஒரு பக்கம், மின்சார ரயில் ஒரு பக்கம். என் அறையும் உங்களுடையதைப் போலப் பத்துக்குப் பத்துதான், கூரையும் பத்தடி. சேமித்த பணத்தையெல்லாம் போட்டு முதலில் ஒரு நல்ல கண்டன்சர் மைக்கை வாங்கினேன். டைல்ஸ் போட்ட தரை, வெற்றுச் சுவர், நடுவில் ஒரு மேசை. ஒரு பயிற்சிக் காணொளிக்கு நாற்பது நிமிடக் குரல் பதிவுசெய்து அனுப்பினேன். “சார், குளியலறையில் உட்கார்ந்து பேசினீர்களா?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வேலைக்குப் பணம் வரவில்லை. மைக்கின் மீது சந்தேகப்பட்டு, அதை விற்றுவிட்டு அதைவிட விலை கூடியதை வாங்கினேன். குளியலறை இன்னும் தெளிவாகக் கேட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக இரண்டு சுவர்கள் இருந்தால், ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 56 அதிர்வு) அதன் மடங்குகளான 113, 169 ஹெர்ட்ஸிலும் ஒலி இங்கும் அங்கும் மோதித் தேங்கி நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு என்றால் மூன்று திசைகளிலும் அதே எண்களில் தேங்கும். என் பேச்சுக்குரலின் அடித்தளம் 110 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு நான் உட்கார்ந்திருந்தது அறையின் நட்டநடுவில். 113 ஹெர்ட்ஸின் அழுத்தம் உச்சமாக இருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ‘கும்’மென்ற அந்தக் குடத்து ஒலி அங்கிருந்து வந்தது. உங்கள் குரல் பெண் குரலாக இருந்தால் வேறு எண்ணில் சிக்கும், ஆனால் சிக்கும்.

மேசையை நடுவிலிருந்து ஒதுக்கினேன். ஊரிலிருந்து வந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை எனக்குப் பின்னால் மூலையில் நிறுத்தினேன், ஏனென்றால் மைக் பார்ப்பது என்னையும் எனக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான். தரையில் பவானி ஜமுக்காளம் இரண்டு, தலைக்கு மேல் கொடி கட்டிக் கம்பளிகள். மொத்தச் செலவு கம்பளிக்கு ஆனதுதான். கடையில் முட்டை அட்டை போன்ற வடிவத்தில் விற்கும் மெல்லிய ஃபோமை வாங்க வேண்டாம். அது உச்ச ஒலிகளை மட்டும் உறிஞ்சிவிட்டு அடியொலியை அப்படியே விட்டுவிடும்; குரல் போர்வைக்குள் பேசியது போல மங்கலாகவும் இருக்கும், ‘கும்’மும் போகாது. பஞ்சு எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது. இதெல்லாம் எதிரொலிக்கு மட்டும்தான். வெளியே போகும் தண்ணீர் லாரியை எந்த மெத்தையும் தடுக்காது. அதற்கு நான் கண்ட வழி, இரவு பதினொன்றுக்கு மேல் பதிவுசெய்வதுதான். மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் பேசுவது ஒரு தவம், அதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது மைக்குக்கு வருவோம். விளம்பர அட்டையில் முதலில் கண்ணில் படுவது மைக்கின் சொந்த இரைச்சல், அதாவது யாரும் பேசாதபோதும் மைக்கே எழுப்பும் ‘உஸ்’. ரோட் நிறுவனத்தின் என்.டி.1 ஐந்தாம் தலைமுறைக்கு அது 4 டெசிபெல், நியூமன் டி.எல்.எம். 103க்கு 7, யு 87க்கு 12, ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2020க்கு 20. (ஜெர்மானியர்கள் நொய்மன் என்று உச்சரிப்பார்கள், கோடம்பாக்கத்தில் நியூமன் என்றால்தான் கொடுப்பார்கள்.) இந்த எண்களை வைத்து இணையத்தில் பெரிய சண்டையே நடக்கும். ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் அறையின் அமைதி 30 டெசிபெல் என்று வையுங்கள். நம் ஊரில் அது நல்ல அமைதிதான். அதில் 4 டெசிபெல் மைக்கை வைத்தால் மொத்த இரைச்சல் 30ஐ விட்டு அசையாது. 20 டெசிபெல் மைக்கை வைத்தால் 30.4 ஆகும். அரை டெசிபெல்கூட இல்லாத வித்தியாசம், எந்தக் காதுக்கும் தெரியாது. அறை 15 டெசிபெலுக்கு அடங்கினால்தான் அந்த எண் உங்களோடு பேசத் தொடங்கும். அப்படிப்பட்ட அறை வைத்திருப்பவர் இங்கே வந்து கேள்வி கேட்கமாட்டார்.

அட்டையில் நான் பார்ப்பது உச்ச ஒலிகளை மைக் எவ்வளவு தூக்குகிறது என்பதை. மலிவான கண்டன்சர்கள் பலவும் ‘பளிச்’சென்று கேட்க வேண்டும் என்பதற்காக அந்தப் பகுதியைத் தூக்கிவிடுகின்றன. விலை கூடிய டி.எல்.எம். 103கூட 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் 4 டெசிபெல் தூக்கும். ‘ஸ்’ ஒலி வாழ்வது அந்தப் பகுதியில்தான். மேலை நாட்டுப் பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத இடம் இது. ஆங்கிலத்தில் சொல் முதலில் வரும் ‘ப’வோடு மூச்சும் சேர்ந்து வெடிக்கும், தமிழில் அந்த மூச்சு கிடையாது. அதனால் மூச்சுக்காற்று மைக்கில் மோதி ‘டப்’பென்று கேட்கும் பாப் தொல்லை நமக்குச் சற்றுக் குறைவு. (அந்தக் காற்றைத் தடுக்க மைக்கின் முன் வைக்கும் பாப் ஃபில்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை.) ஆனால் நம் விளம்பரப் பிரதிகளைப் பாருங்கள்: “ஸ்பெஷல் எக்ஸ்சேஞ்ச் சலுகை, ஸ்டாக் உள்ளவரை மட்டுமே!” ஒரே மூச்சில் எத்தனை சீறல்! தீபாவளிப் பருவத்தில் பளிச்சென்ற மைக் வைத்திருப்பவர் பாம்புப் பண்ணை நடத்துவது போலிருக்கும்.

சென்ஹைசர் எம்.கே.எச். 416 பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்காவில் திரைப்பட முன்னோட்டக் குரல்களுக்குப் பேர்போனது. உண்மையில் அது படப்பிடிப்புத் தளத்துக்காகச் செய்த ஷாட்கன் மைக், ஒரு சாணை விடச் சற்றே நீளம். பக்கவாட்டு ஒலியை அதன் நீண்ட குழாய் வெட்டும், ஆனால் அடியொலியை வெட்டாது. சிறிய அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அதில் விநோதமாகக் கேட்கும். எனவே மெத்தை வேலை முடிந்த அறைக்குத்தான் அது சரி. இருந்தாலும் கடலோர ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு கவர்ச்சி உண்டு: அதன் மின்னமைப்பு ஈரப்பதத்தைத் தாங்கும். சாதாரணக் கண்டன்சர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் சில சமயம் எண்ணெய்ச் சட்டி போலப் பொரியும். எனக்கு ஒரு நவம்பரில் அது நடந்தது. மைக் கெட்டுவிட்டது என்று பயந்து, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். போய்ச் சேர்வதற்குள் வெயிலில் காய்ந்து சரியாகிவிட்டது! அன்றிலிருந்து வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடுகிறேன்.

ஷூர் எஸ்.எம்.7பி எல்லோருடைய காணொளியிலும் தெரிவதால் உங்கள் பட்டியலிலும் இருக்கும். நல்ல மைக்தான். ஆனால் அதற்குக் குறைந்தது 60 டெசிபெல் கெயின் வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டிக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர்; ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மூன்றாம் தலைமுறை இன்டர்ஃபேஸில் கிடைப்பதே 56தான். முழுவதும் திருகினால் ‘உஸ்’ என்று வரும், பிறகு கெயினைக் கூட்டித்தர நடுவில் வைக்க இன்னொரு பெட்டி வாங்க வேண்டியிருக்கும். மைக் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் குரலுக்கு எது பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் செய்ததைச் செய்யுங்கள். சாலிகிராமம், வடபழனிப் பக்கம் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒலிக்கூடம் ஒன்றில் ஒரு மணி நேரம் எடுங்கள். அங்கே இருக்கும் மைக்குகளில் மூன்றைக் கேளுங்கள். ஒரே பத்தியை ஒவ்வொன்றிலும் படியுங்கள்; அதில் ழகர ளகரமும், மேலே சொன்ன சீறல்களும், தாழ்ந்த குரலில் சொல்லும் ஒரு வரியும் இருக்கட்டும். ஒலிப்பதிவாளரிடம் கோப்புகளுக்கு 1, 2, 3 என்று மட்டும் பெயர் வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து வீட்டில் யாரிடமாவது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். என் வீட்டில் அக்கா கேட்டாள். லட்சங்களில் விலை போகும் யு 87ஐ, “சளி பிடித்தவன் மாதிரி இருக்கிறது” என்று ஒதுக்கிவிட்டாள். குற்றம் அந்த மைக்கினுடையது அல்ல, சற்று மூக்கால் பேசும் என்னுடையது. நடுப்பகுதியைத் தூக்காத, விலை குறைந்த ஒன்று எனக்கு ஒத்துப்போனது.

குரலைச் சோதிக்க வாய்ப்பே இல்லை, இன்றே வாங்க வேண்டும் என்றால் என் பதில் இது: ரோட் என்.டி.1 ஐந்தாம் தலைமுறை. சீறலை அதிகம் தூக்காது. இன்டர்ஃபேஸுக்குப் போகும் எக்ஸ்.எல்.ஆர்., நேரே கணினிக்குப் போகும் யு.எஸ்.பி. இரண்டு இணைப்பும் ஒரே மைக்கில் இருப்பதால் முதல் மாதம் இன்டர்ஃபேஸ் இல்லாமலேயே வேலையைத் தொடங்கிவிடலாம். அந்தப் பணத்தை மெத்தைக்கும், உறுதியான ஸ்டாண்டுக்கும், காதை மூடும் நல்ல ஹெட்ஃபோனுக்கும் போடுங்கள். பிறகு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (கண்டன்சர் மைக்குக்குக் கேபிள் வழியே போகும் மின்சாரம்) உள்ள எளிய இன்டர்ஃபேஸ் ஒன்று. எதிரொலியை அடக்கவே முடியாத அறை, அதாவது பெரிய ஜன்னல்கள், வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார் என்றால் மட்டும் டைனமிக் பக்கம் போங்கள்; நெருங்கிப் பேசப் பழகிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது வரிசை எண்ணோடு பில் கேட்டு வாங்குங்கள். பெயர் பெற்ற மைக்குகளுக்குப் போலிகள் ஏராளம். சந்தையில் பாதி விலை என்று யாராவது சொன்னால் அது பாதி மைக்தான்.

பெட்டியைப் பிரித்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஒரு சோதனை. இரவில் மைக்கின் முன் வழக்கமான அளவில் ஒரு பத்தி படித்துவிட்டு, கெயினைத் தொடாமல் அரை நிமிடம் சும்மா இருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் அளந்து பாருங்கள். ஒலிநூல்களுக்கான ஏ.சி.எக்ஸ். தளம் கேட்கும் அளவையே நானும் எனக்கு வைத்திருக்கிறேன்: (மென்பொருளில் 0 டெசிபெல்தான் உச்ச எல்லை) குரலின் சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் நடுவில், உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக் கூடாது, மௌனம் மைனஸ் 60க்குக் கீழே. மௌனத்தில் ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் ஏதாவது கேட்டால் மைக்கைத் திட்டுவதற்கு முன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மறுபடி பதிவுசெய்யுங்கள். ஒலி நின்றுவிட்டால் அது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வரும்வரை பேட்டரியில் பதிவுசெய்யலாம்.