கேப்சூல் போட்டும் மலம் மிதக்கிறதே?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. நாள்பட்ட கணைய அழற்சி. வேளைக்கு ஒரு 25,000 யூனிட் செரிமான என்சைம் கேப்சூல். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே தவறாமல் போட்டுவிடுகிறார். எண்ணெயையும் பாதியாகக் குறைத்துவிட்டோம். அப்படியும் மலம் வெளுத்து, பிசுபிசுவென்று மிதக்கிறது. எடை குறைந்துகொண்டே போகிறது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) நிறைய சாப்பிட்டதால் வந்த வியாதி என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, ஆத்தூர்

பதில்: முதலில் நேரத்தை மாற்றுங்கள். நல்ல கணையம் தினமும் ஒன்றரை லிட்டர் வரை செரிமான நீர் சுரக்கும். சோறு இரைப்பையைவிட்டு இறங்கும்போதே அதுவும் குடலுக்கு வந்துசேரும். கேப்சூலுக்குள் இருக்கும் குருணைகளும் அப்படிச் சோற்றோடு கலந்து இறங்கினால்தான் கொழுப்பு செரிக்கும். அரை மணி முன்னால் விழுங்கினால் வீண்.

முதல் கவளத்தோடு போடட்டும். பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவு, சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட். பலகாரத்துக்கு அதில் பாதி. அவருக்கு ஒன்று போதாமல் இருக்கலாம், மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு எழுதிக்கொடுத்தால் ஒன்று தொடக்கத்தில், ஒன்று நடுவில். பால் கலந்த டீயோடு வடை சாப்பிட்டாலும் கேப்சூல் வேண்டும். வெறும் பழத்துக்கு வேண்டாம். மெல்லக் கூடாது. சூடான டீயோடு விழுங்கவும் கூடாது, சூட்டில் என்சைம் செத்துவிடும். சேலம் வெயிலில் வண்டிப் பெட்டியிலோ அடுப்பு மேடையிலோ டப்பாவை வைக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் மிதந்தால், அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். இரைப்பை அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் கணையம் தருவதுதான். அது குறைந்தால் குடலின் தொடக்கம் புளிப்பாகவே இருக்கும். அங்கே குருணையின் பூச்சு கரையாது, கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் என்சைமும் வேலை செய்யாது. அதற்கு அமிலம் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் சேர்ப்பார்.

எண்ணெயைக் குறைத்தது தவறு. கேப்சூலைச் சரியாகப் போட்டுக்கொண்டு வழக்கம்போல் சமையுங்கள். இல்லையென்றால் இளைப்பு நிற்காது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடம்பில் சேராது. சாப்பாடு சேரத் தொடங்கியதும் சர்க்கரை ஏறக்கூடும், அதையும் பாருங்கள். மதுவும் பீடியும் இருந்தால் இன்றே நிற்கட்டும்.

கிழங்கின் மேல் அந்தப் பழி பல காலமாக உண்டு, அதிலுள்ள சயனைடுச் சத்தை வைத்து. நிரூபணமாகவில்லை. நம் நாட்டு நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் மாறுதல் கண்டறியப்பட்டிருக்கிறது. வேகவைத்து நீரை வடித்த கிழங்கை எப்போதாவது சாப்பிடலாம். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. இளைத்தவருக்கு முட்டை, மீன், பருப்புதான் முதலில்.

கேள்வி: கணையம் போதிய என்சைம் சுரக்கிறதா என்று பார்க்கும் மல எலாஸ்டேஸ் பரிசோதனைக்கு முன் கேப்சூலை நிறுத்த வேண்டுமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம். கேப்சூல் பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. சோதனை மனித எலாஸ்டேஸை மட்டுமே அளக்கும். கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, 100-க்குக் கீழே என்றால் கடுமையான குறைவு. தண்ணீராகப் போகும் நாளில் மாதிரி கொடுக்காதீர்கள், அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.