கிளிநொச்சியில் இருந்துகொண்டு தொழில்முறை லைட்வெயிட் குத்துச்சண்டை வீரராக வரமுடியுமா?

கேள்வி: வயது 19, உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 66 கிலோ. ஒன்றரை வருடமாகப் பழகுகிறேன். லைட்வெயிட்டில் தொழில்முறையாக இறங்க என்ன செய்யவேண்டும்? அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?

வரலாம் தம்பி. ஆனால் தராசும் ஒப்பந்தப் பத்திரமும்தான் பெரும்பாலான லைட்வெயிட்காரரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. குத்துப் பழக்க ஆள் கிடைக்கும். இந்த இரண்டையும் சொல்லித்தர ஆள் கிடைப்பது குறைவு. அதனால் இங்கே அவற்றைத்தான் கூடுதலாக எழுதுகிறேன்.

தொழில்முறையில் லைட்வெயிட்டின் மேல் எல்லை 135 இறாத்தல், அதாவது 61.2 கிலோ. அமெச்சூரில் 60 கிலோ. உங்கள் உயரத்துக்கு இந்தப் பிரிவு சரியானதுதான். ஆனால் 66க்கும் 61.2க்கும் இடையில் 4.8 கிலோ இருக்கிறது. அதைக் கடைசி வாரத்தில் வியர்வையாக இறக்கப் பார்ப்பவர்கள்தான் மூன்றாம் சுற்றில் கால் தளர்ந்து நிற்பார்கள். சண்டைக்கு எட்டு வாரம் இருக்கும்போதே சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வாரம் அரைக் கிலோவுக்கு மேல் போகாமல் 64.5க்கு வந்துவிடவேண்டும். மிச்சம் 3.3 கிலோ. கடைசி ஐந்தாறு நாள் சோறு, பாண், புட்டைக் குறைத்தால் தசையில் தேங்கிய மாச்சத்தோடு அதைப் பிடித்துவைத்திருக்கும் நீரும் போகும். அதில் ஏறக்குறைய 1.2 கிலோ. கடைசி இரண்டு மூன்று நாள் கீரை, பயறு, குரக்கன் போன்ற நார்ப்பொருளை விட்டால் குடல் காலியாகி அரைக் கிலோவுக்குச் சற்று மேல். எஞ்சிய ஒன்றரைக் கிலோ மட்டும்தான் கடைசி 24 மணி நேரத்தில் தண்ணீரைக் குறைத்து இறக்குவது. இவ்வளவு செய்தும் எட்டவில்லை என்றால் உங்கள் பிரிவு அடுத்ததான 140 இறாத்தல் என்று அர்த்தம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அமெச்சூரில் இந்த வித்தை செல்லாது. போட்டி நாள் காலையிலேயே எடை பார்ப்பார்கள், குடித்துத் தேற நேரம் இராது. தொழில்முறையில் வழக்கமாக முதல் நாளே எடை பார்ப்பதால் ஏறத்தாழ ஒரு நாள் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தையும் பலர் வீணாக்குவார்கள். தராசிலிருந்து இறங்கியதும் கொத்துரொட்டியும் குளிர்பானமும் போட்டால் வயிறு ஊதும், நீர் உடம்பில் சேராது. வியர்வையில் போன ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லீற்றர் வரை, பல மணி நேரத்தில் மிடறு மிடறாகக் குடிக்கவேண்டும். அதில் ஒரு பகுதி ஜீவனி கரைசலாக (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பு-சீனிக் கரைசல்) இருக்கட்டும். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அது மட்டும் போதாது. சோறு, வாழைப்பழம், கொழுப்புக் குறைந்த மீன் என்று சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். சேலைன் ஏற்றினால் சரியாகிவிடும் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். 12 மணி நேரத்துக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் நரம்புவழி ஏற்றுவதை, வைத்தியசாலைச் சிகிச்சை போன்ற விதிவிலக்குகள் தவிர, உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன. சிறுநீர் போக்கும் மாத்திரைகளும் எந்நேரமும் தடை.

ஊக்கமருந்து விஷயத்தில் நம் நாட்டுக்கே ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. 1938 சிட்னி விளையாட்டில் பார்னி ஹென்றிகஸ் வென்றதற்குப் பிறகு, 2010 டெல்லி பொதுநலவாய விளையாட்டில்தான் இலங்கைக்குக் குத்துச்சண்டைத் தங்கம் வந்தது. வென்றவர் மஞ்சு வன்னியாராச்சி. நன்ட்ரொலோன் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து அவர் உடம்பில் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்தப் பதக்கம் பறிபோனது. ஜிம்மில் யாரோ தரும் பொடியையும் ஊசியையும் தொடாதீர்கள். உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 105 முதல் 130 கிராம் புரதம் போதும். முட்டை, நெத்தலி, சூடை, பயறு, கச்சான், மோர் என்று சந்தையிலேயே அது கிடைக்கும்.

வன்னியில் இருப்பவர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. அடிக்கடி நீர் வற்றவைக்கும் விளையாட்டுக்கு வருமுன் இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிடுங்கள், பிறகு வருடம் ஒரு தடவை. நீர் வற்றிய உடம்போடு கைவலிக்கு டைக்குளோபெனாக் போடுவது சிறுநீரகத்தை நேராக அடிக்கிற வேலை.

பாதை என்று பார்த்தால், அமெச்சூரைத் தாண்டாமல் நேராகத் தொழில்முறைக்குப் போவது புத்தியில்லை. உங்கள் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பதிவுபெற்ற கழகம் ஒன்றின் ஊடாக மாவட்ட, மாகாண மட்டத்துக்குப் போகும் வழியை அவரிடம் கேளுங்கள். மேலே கிளிபர்ட் கிண்ணம், லேட்டன் கிண்ணம் போன்ற பழைய போட்டிகள் இருக்கின்றன. அங்கே எதிரில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் இராணுவ, கடற்படை, பொலிஸ் அணிக்காரர். சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரம் பழகுகிறவர்கள். எங்கள் பக்கத்துப் பெடியள் வயல் வேலை முடித்து வந்து பழகுபவர்கள். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். முப்பது நாற்பது அமெச்சூர் சண்டையாவது பிடித்த பிறகு தொழில்முறையைப் பற்றி யோசிக்கலாம்.

பயிற்சிக்கு ஜிம் தூரம் என்றால் வீட்டிலேயே குத்துப் பை கட்டலாம். இரண்டு யூரியாப் பையை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, பழந்துணியைத் துண்டுதுண்டாக வெட்டி இறுக்கி அடையுங்கள். 30 முதல் 35 கிலோ போதும். மண் போடவேண்டாம். மண் அடியில் இறங்கிக் கல்லாகிவிடும், தாழக் குத்தும்போது மணிக்கட்டு மடியும். கைக்கு நாலரை மீற்றர் துணிப்பட்டி, பைக்கு 12 அவுன்ஸ் கையுறை, ஆளோடு பழக 16 அவுன்ஸ். தொழில்முறை லைட்வெயிட்டில் போடுவது வெறும் 8 அவுன்ஸ். சின்னவிரல் முட்டியால் குத்து விழுந்தால் அந்த மெல்லிய உறையில் எலும்பு உடைவது சர்வசாதாரணம். சுட்டுவிரல், நடுவிரல் முட்டிகள் முதலில் படுமாறு பையில் மெதுவாகப் பழகுங்கள்.

ஓட்டம் வாரம் நாலு நாள், 5 முதல் 8 கிலோமீற்றர். அதில் ஒரு நாள் மூன்று நிமிடம் வேகம், ஒரு நிமிடம் நடை என்று ஆறு தடவை. சண்டைச் சுற்றின் கணக்கே அதுதான். இரணைமடுக் குளக்கட்டுப் பக்கம் காலையில் நல்லது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருப்பவர்கள் நன்றாக வெளிச்சம் வந்தபிறகே ஓடவேண்டும், யானைக்கு உங்கள் அட்டவணை தெரியாது. சோளகக் காலத்து வெக்கையில் ஓடுமுன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றருக்கு மேல் வியர்ப்பது புதினமில்லை.

வன்னியில் உண்மையான தட்டுப்பாடு உங்கள் எடையில் பழக ஆள் கிடைக்காததுதான். அதற்காக 75 கிலோக்காரரோடு முழுப் பலத்தில் மோதாதீர்கள். அவரோடு பழகினால் ஜப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) மட்டும், அல்லது உடம்புக்கு மட்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். தொழில்முறையில் சுற்றுகள் கூடக்கூட ஈரல் பக்கம் விழும் இடது ஹுக் (பக்கவாட்டில் வளைத்துவிடும் குத்து) தலைக்குத்தை விட வேலை செய்யும், அதனால் அந்தப் பழக்கமும் பயன்தான். கடும் மோதலைச் சண்டைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிறுத்திவிடவேண்டும்.

அனுமதிப்பத்திரத்துக்கு எச்.ஐ.வி., ஹெப்பட்டைட்டிஸ் பி, சி இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை எல்லாம் கேட்பார்கள். பல இடங்களில் மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும் கேட்பார்கள். 2009இல் குழந்தையாக இருந்த எங்கள் பிள்ளைகள் பலரின் உடம்பில் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு இன்னும் இருக்கிறது. அப்படி இருந்தால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் சொல்லியே ஆகவேண்டும், காந்தம் இரும்பை இழுக்கும். முதலில் எக்ஸ்ரே எடுத்து, தேவைப்பட்டால் சி.ரி. ஸ்கான் செய்வார்கள். துண்டு தலையிலோ கண்ணுக்கு அருகிலோ இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம்.

இனி வாழ்க்கை. முதல் சண்டைகள் நாலு சுற்று, பிறகு ஆறு, எட்டு, பத்து. உலகப் பட்டம் 12. ரொபேர்ட்டோ டுரான் 1972இல் கென் புக்கானனை வென்று லைட்வெயிட் பட்டம் எடுத்தபோது அவருக்கு 21 வயது. ஆனால் பனாமாவில் 16 வயதிலேயே தொழில்முறைக்கு இறங்கியவர். அவரை அளவுகோலாக வைக்கவேண்டாம். பெரும்பாலானோருக்கு முதல் நாலைந்து வருடம் இன்னொரு வேலையும் வேண்டும். கணக்குக்கு, ஒரு சண்டைக்கு 1,000 டொலர் என்று வையுங்கள். முகாமையாளருக்கு 25 முதல் 33 சதவீதம், பயிற்றுவிப்பாளருக்கு 10 சதவீதம் போனால் கையில் 570 முதல் 650. பரிசோதனைச் செலவும் பயணமும் அதிலிருந்துதான்.

பெரிய பொறி வெளிநாட்டிலிருந்து வரும் அவசர அழைப்பு. பத்து நாளில் சண்டை, ரிக்கற் தருகிறோம் என்பார்கள். உள்ளூர் நட்சத்திரத்துக்கு வெற்றி சேர்க்கத் தோற்கும் ஆள் தேடுகிறார்கள் என்பதே அநேகமாக விஷயம். இப்படி நாலு தடவை போனால் உங்கள் வெற்றிதோல்விப் பதிவு கெட்டுவிடும், பிறகு தோற்கும் ஆளாகவே கூப்பிடுவார்கள். எதிராளியின் பதிவை, குத்துச்சண்டை முடிவுகளைத் தொகுக்கும் பொக்ஸ்றெக் இணையத்தளத்தில் பாருங்கள். எடை, சுற்று, கையுறை அவுன்ஸ், திரும்பும் ரிக்கற், காயம்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, எதிராளி மாறினால் என்ன என்பவை எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். சுற்றுலா விசாவில் போய்ச் சண்டை பிடிக்கச் சொன்னால் போகாதீர்கள். ஏஜென்சிக் கதை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. முகாமையாளர் ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலப் பத்திரத்தை ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்துத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

பட்டச் சண்டை 15 சுற்றாக இருந்தது 12 ஆனதே ஒரு லைட்வெயிட் சண்டைக்குப் பிறகுதான். 1982 நவம்பர் 13இல் லாஸ் வேகாஸில் ரே மன்சினியோடு மோதிய தென்கொரியர் கிம் டுக் கூ 14ஆம் சுற்றில் விழுந்து, சில நாளில் தலைக்குள் ஏற்பட்ட இரத்தக் கசிவால் இறந்தார். நொக்கவுட் ஆனால் சில வாரம் முதல் மூன்று மாதம் வரை சண்டைத் தடை போடுவார்கள். அந்தத் தடை பயிற்சி மோதலுக்கும் சேர்த்துத்தான். சண்டைக்குப் பிந்திய 24 மணி நேரம் தனியே படுக்காதீர்கள். தலையிடி கூடிக்கொண்டே போனாலோ, சத்தி வந்தாலோ, கதை குழறினாலோ, ஒரு கண்மணி பெருத்தாலோ வீட்டில் பனடோல் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கும்படி வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.