பயறு டின்னுக்குள் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாமா?

கேள்வி: தென்னந்தோப்பில் சிவப்புக் கூன்வண்டுக்கு இனக்கவர்ச்சி வாசனை வைத்த வாளிப் பொறி வைத்து நல்ல பலன் பார்த்தோம். அந்த நம்பிக்கையில், வீட்டில் தட்டைப்பயறில் விழும் வண்டுக்கும் ஆன்லைனில் ஒட்டுப்பொறி வாங்கினேன். ‘சமையலறைப் பூச்சிகள் அனைத்துக்கும்’ என்று போட்டிருந்தார்கள். வாரக்கணக்கில் டின் பக்கத்திலேயே வைத்தும் ஒரு வண்டு கூட ஒட்டவில்லை. டின்னுக்குள் வண்டு அதுபாட்டுக்கு ஓடுகிறது. பொறி போலியா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: போலியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வண்டுக்கு உரிய பொறி இல்லை, அவ்வளவுதான். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தைப் பாருங்கள். சமையலறைக்கு என்று விற்கும் ஒட்டுப்பொறிகளில் பெரும்பாலானவை மாவு, உலர்பழங்களில் வரும் அந்துப்பூச்சிக்கானவை. அந்த இனத்துப் பெண் பூச்சி விடும் வாசனையைத் தயாரித்து ஒரு சின்ன ரப்பரில் ஏற்றியிருப்பார்கள். அதைத் தேடி வருவது அந்த அந்தின் ஆணும், அதன் நெருங்கிய உறவினங்கள் சிலவும்தான். மல்லி, மிளகாய், மஞ்சளில் விழும் சிகரெட் வண்டுக்குத் தனிப் பொறி உண்டு. பயறு வண்டுக்கு இந்த இரண்டும் ஒன்றுமே இல்லை.

பயறு வண்டிலும் கூப்பிடுவது பெண்தான். ஆனால் அதன் வாசனைச் சரக்கே வேறு. தட்டைப்பயறில் அதிகம் காணும் இனத்தில், எட்டுக் கரிம அணுக்கள் கொண்ட 5 அமிலங்கள் கலந்த வாசனை. பச்சைப்பயறிலும் துவரையிலும் வரும் நெருங்கிய உறவான இன்னொரு இனத்தில், ஹோமோஃபார்னெசால் என்ற முற்றிலும் வேறு பொருள். இரண்டு வண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கைக்கண்ணாடி இருந்தால் உணர்கொம்பைப் பாருங்கள். இரண்டாவது இனத்து ஆணின் கொம்பு சீப்புப் பல்லாக விரிந்திருக்கும், பெண்ணுக்கு வெறும் ரம்பப் பல்தான். காற்றில் வரும் வாசனையைப் பிடிக்கத்தான் ஆணுக்கு அத்தனை பெரிய கொம்பு. கண்ணால் நமக்கே பிரித்துச் சொல்ல முடியாத இரண்டு வண்டுக்கு இரண்டு வாசனை என்றால், ‘அனைத்துப் பூச்சிக்கும் ஒரே பொறி’ என்பது விளம்பர வாசகம் அன்றி வேறென்ன?

சரி, தென்னையில் மட்டும் எப்படிப் பலித்தது? கூன்வண்டில் வாசனை விடுவது ஆண். அது ஜோடிக்கு மட்டுமான அழைப்பு இல்லை. ‘இங்கே மரம் இருக்கிறது, எல்லாரும் வாங்க’ என்கிற கூட்ட அழைப்பு. அதனால் ஆணும் பெண்ணும் சேர்ந்தே வாளிக்குள் விழுகின்றன. முட்டையிடப் போகும் பெண்ணே மாட்டுவதால் தோப்புக்கு நேரடி லாபம். காண்டாமிருக வண்டுக்கும் இதே கதைதான். பயறு வண்டுப் பெண்ணின் வாசனைக்கு ஆண் மட்டுமே வரும். சரியான வாசனை மருந்தே கிடைத்து வைத்தாலும் பாதிப் படைதான் சிக்கும். தப்பிய ஆண் ஒன்று பல பெண்களோடு இணையும். டின்னுக்குள் இருக்கிற பெண்கள் ஏற்கெனவே இணைந்து முட்டை வைத்துக்கொண்டிருக்கும். பயறுக்குள் இருக்கும் புழுவுக்கு எந்த வாசனையும் பொருட்டில்லை. வளர்ந்த வண்டு டின்னுக்குள் தீனியே எடுக்காது, ஏறக்குறைய இரண்டு வாரம் வாழ்ந்து செத்துவிடும். அதனால் தீனி ஆசை காட்டிப் பிடிக்கவும் வழியில்லை. கிடங்கில் ‘வண்டு வந்துவிட்டதா’ என்று வேவு பார்க்க வாசனைப் பொறி உதவும். வீட்டு டின்னுக்கு அது வீண் செலவு.

மூட்டைக் கணக்கில் வைப்பவராக இருந்தால், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த ‘டூ-இன்-ஒன்’ பொறியைக் கேட்டு வாங்குங்கள். அதில் வாசனை மருந்து கிடையாது. துளையிட்ட குழாயும் கூம்பும்தான். பயறு வண்டு தானியத்தின் மேற்பரப்பிலேயே அலையும் ஜாதி; அப்படி அலையும்போது துளை வழியே உள்ளே விழுந்து மாட்டிக்கொள்ளும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சீக்கிரம் காயவைக்கலாம்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் எழுதியிருந்தீர்கள். ‘அனைத்துக்கும்’ என்ற வரியையும், பின்பக்கப் பொடி எழுத்தையும் படம் எடுத்து முதலில் விற்ற தளத்துக்கே அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே போவதானால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் கோவையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் பாலக்காட்டு நுகர்வோர் ஆணையம் போதும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். தமிழ்நாடு-கேரள எல்லையில் இருந்துகொண்டு அந்தப் பக்கம் வாங்கி இந்தப் பக்கம் சமைக்கும் நமக்கு இது பெரிய சௌகரியம்.

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் சந்தையில் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் மூட்டையாக வாங்கி இங்கே சில்லறையில் விற்கிறேன். காட்டும்போது சரக்கு சுத்தமாக இருக்கிறது. ஒரு மாதத்தில் வண்டு பறக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? (மீனாட்சிபுரம் வாசகர்)

பதில்: வண்டைத் தேடாதீர்கள், முட்டையைத் தேடுங்கள். புடைத்துச் சலித்தால் வண்டும் போய்விடும், மாவும் போய்விடும். முட்டை போகாது. பெண் வண்டு அதைப் பசை வைத்துத் தோலோடு ஒட்டியிருக்கும். ஒரு கைப்பிடியை எடுத்து வெயில் பக்கம் திருப்பி உருட்டிப் பாருங்கள். குண்டூசித் தலையை விடச் சிறிய, நீள்வட்டப் புள்ளி தெரியும். கண்ணாடி போலப் பளபளத்தால் அது இன்னும் பொரிக்காதது. பால்வெள்ளையாக இருந்தால் புழு அடிப்பக்கமாகத் துளைத்து உள்ளே போய்விட்டது, தோண்டிய தூளை முட்டை ஓட்டில் அடைத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த கட்டத்தில் தோலில் வட்டமாக, நிறம் மங்கிய ஒரு சின்ன ‘ஜன்னல்’ தெரியும். ஜன்னல் தெரியும் சரக்கை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்; சில நாட்களில் வண்டு வெளியே வரும்.

பேரம் பேச உதவும் ஒரு விஷயம் இருக்கிறது. பெண் வண்டு முட்டை வைத்த பயறின் மேல் கொழுப்பு அமிலங்களும் மெழுகுத் தன்மையுள்ள பொருள்களும் கலந்த ஓர் அடையாளத்தைப் பூசிவிட்டுப் போகிறது. ‘இதில் ஆள் இருக்கிறது’ என்ற அறிவிப்பு அது. அடுத்து வரும் வண்டு அதை உணர்ந்து ஒதுங்கி, காலிப் பயறைத் தேடிப் போகும். ஒரு சின்னப் பயறுக்குள் இரண்டு மூன்று புழு போனால் எல்லாவற்றுக்கும் தீனி பற்றாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. காலிப் பயறு தீரத் தீர இந்த மரியாதையும் தீர்ந்துவிடும், கிடைத்ததன் மேல் எல்லாம் வைக்கும். ஆகவே கைப்பிடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பயறுக்கு ஒரு முட்டை என்று இருந்தால் தொற்று புதிது. ஒரே பச்சைப்பயறில் மூன்று நான்கு என்று அப்பியிருந்தால், அந்த மூட்டைக்குள் ஒரு தலைமுறையாவது வாழ்ந்து முடித்திருக்கும். பெரிய தட்டைப்பயறில் இரண்டு இருப்பது சகஜம், அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். முட்டையிலிருந்து வண்டு வரை இந்தப் பக்கத்து வெயிலுக்கு ஏறக்குறைய 3 முதல் 4 வாரம். உங்கள் ‘ஒரு மாதம்’ கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது!

வியாபாரி என்ற முறையில் இன்னொன்று. பூச்சி விழுந்த உணவை 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்பற்ற உணவு என்றே வகைப்படுத்துகிறது. வாடிக்கையாளர் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பது உங்களுக்கே நல்லது.

கேள்வி: ஒரே அலமாரியில் எல்லாப் பயறிலும் வண்டு. ராஜ்மாவில் மட்டும் இல்லை. விஷ மருந்து ஏதாவது போட்டிருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. (வேலந்தாவளம் வாசகி)

பதில்: பயப்பட வேண்டாம். ராஜ்மாவுக்குள் இயற்கையாகவே ஒரு புரதம் இருக்கிறது. புழு மாவுச்சத்தைச் செரிக்கப் பயன்படுத்தும் அமைலேஸ் நொதியை அது முடக்கிவிடும். நம் ஊர்ப் பயறு வண்டின் புழு உள்ளே போனாலும் பட்டினியில் சாகும். ராஜ்மாவையே தின்னப் பழகிய வேறு வண்டுகள் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. ராஜ்மாவை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கொதிக்க வைத்து வேகவையுங்கள். அரைவேக்காடு வயிற்றைக் கெடுக்கும். அதற்குக் காரணம் அதிலுள்ள இன்னொரு புரதம்.

கேள்வி: அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் புவிசார் குறியீடு வாங்கியதிலிருந்து விதை கேட்டு ஆள் வருகிறார்கள். அடுத்த பட்டம் வரை வண்டில்லாமல் வைக்க, கடையில் ‘மாத்திரை’ வாங்கிப் போடு என்கிறார்கள். போடலாமா? (அகளி வாசகர்)

பதில்: கூடவே கூடாது. அவர்கள் சொல்வது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. ஈரக்காற்றுப் பட்டால் பாஸ்பீன் வாயு வரும், மூடிய அறையில் படுத்திருப்பவர்களைக் கொன்றுவிடும். பயிற்சி பெற்ற பூச்சி ஒழிப்பாளர்களும் அரசுக் கிடங்குகளும் மட்டுமே கையாள வேண்டியது. வீட்டு உபயோகத்துக்கு ஒரு கடைக்காரர் நீட்டினால் அவர் செய்வது சட்ட மீறல்.

உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’கென்று உடையும் வரை காயவையுங்கள். அப்புறம் செம்மண் கட்டுங்கள் (செம்மண் குழம்பில் பிசறிக் காயவையுங்கள்), அல்லது கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி வேப்பெண்ணெயோ விளக்கெண்ணெயோ விட்டுப் பிசறுங்கள். எண்ணெய்ப் படலம் முட்டையை மூச்சடைத்துக் கொல்லும். அதோடு முட்டை ஒட்டவும் அந்த வழவழப்புத் தோல் இடம் கொடுக்காது. நிறைய இருந்தால் காற்றுப் புகாத மூன்றடுக்குப் பை வாங்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக, இதே வண்டை நினைத்து, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை அது. பையை வாய் வரை நிரப்பி இறுக்கிக் கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் புழுவே ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு அடங்கிப்போகும். ஆனால் வாங்கும் முன் பையை ஊதிப் பாருங்கள். ஊசித் துளை இருந்தால் கொடுத்த காசு போச்சு.