வயதான நாயோடு கடற்கரைக்கு: வாசகர் கேள்வி-பதில்

பொங்கல் நெருங்கினாலே நாயைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்கும் கடலூருக்கும் வரலாமா என்று கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் வயதான நாய்களைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். குட்டி நாய் வைத்திருப்பவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. பின்னங்கால் தளர்ந்து எழுந்திருக்கவே சிரமப்படுகிறான். ஜனவரி கடைசியில் மூன்று நாள் புதுச்சேரி போகலாம், அவனையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். அவன் இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. என் மாமியாரோ, "வயசான காலத்துல அதை எதுக்கு அலைய வைக்கிறீங்க, பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போங்க" என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் மாமியார் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் ஊர் சுற்றுகிற இடத்துக்கெல்லாம் அவனையும் இழுத்துக்கொண்டு திரிந்தால் அது அவனுக்குத் தண்டனைதான். அவனுக்குத் தோதான நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்ச நேரத்தில் நீங்கள் சுற்றுங்கள், அவனுக்கும் அது நல்ல மூன்று நாளாக இருக்கும். ஜனவரி கடைசி நல்ல காலம். மழையும் புயலும் ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. நவம்பர், டிசம்பரில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். 2011-இல் 'தானே' புயல் வந்தது டிசம்பர் கடைசியில், 2024-இல் 'ஃபெஞ்சல்' புயல் வந்தது நவம்பர் கடைசியில். அந்த மாதங்களில் இந்தக் கரையை நம்பி வயதான நாயைக் கூட்டி வர முடியாது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கால் வலியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், மூச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். வயதான லாப்ரடார்களுக்குக் குரல்வளைத் தசை தளர்ந்துபோகிற ஒரு நோய் வருவதுண்டு. குரைப்பு கரகரப்பாக மாறியிருக்கும், மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு சத்தம் கேட்கும், வீட்டில் இருப்பவர்கள் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அந்த மூச்சே சரியாகப் போகாத நாய்க்குப் புழுக்கம் உயிர் போகிற விஷயம். டாக்டர் அப்படி ஏதாவது சொன்னால் பயணத்தை விட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்கு நான் சொன்னதாகவே சொல்லிக்கொள்ளுங்கள்.

செஞ்சி, திண்டிவனம் வழியாக வந்தால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள், வயிறு முட்டச் சோறு போடாமல். செஞ்சி தாண்டி ஒருமுறை, திண்டிவனம் தாண்டி ஒருமுறை நிறுத்தி இறக்கிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் காட்டுங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் மார்புப் பக்கம் ஒருவர், இடுப்புப் பக்கம் ஒருவர் பிடிக்க வேண்டும். குதிக்கவே விடாதீர்கள்.

அறை போடும்போது நாயை அனுமதிப்பீர்களா என்று மட்டும் கேட்டால் போதாது. தரைத்தளமா, வாசலில் எத்தனை படி, தரை என்ன தரை, எல்லாம் கேளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதியில் உள்ள பழைய வீடுகள் பார்க்க அழகுதான், ஆனால் பல வீடுகளில் படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் பின்னங்கால் இரண்டு பக்கமும் விலகிப்போய் எழ முடியாமல் தவிக்கிற நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து இரண்டு பழைய ஜமுக்காளம் எடுத்து வந்து, அவன் படுக்கிற இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் விரித்துவிடுங்கள். அவனுடைய படுக்கைத் துணியைத் துவைக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள், வீட்டு வாசனை இருந்தால்தான் முதல் ராத்திரி தூங்குவான். சோறும் வீட்டில் போடுவதே. பிரியாணி மிச்சமெல்லாம் வேண்டாம், அதிலிருக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது.

இனி கடல். பீச் ரோடு என்றதும் மணலை நினைத்துக்கொண்டு வராதீர்கள், அங்கே பெரும்பாலும் கருங்கல்தான். தெற்கே துறைமுகத் தடுப்புச் சுவர் வந்த பிறகு வடக்கே மணல் சேர்வது நின்று, கரை அரித்துப்போய், கல்லைக் கொட்டி வைத்த இடம் அது. 2018 வாக்கில் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. ஆனாலும் வயதான நாய்க்கு அந்த ரோடே போதும் என்பது என் அபிப்பிராயம். மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. தரை சமமாக இருக்கும், காற்று முகத்தில் அடிக்கும். காலை ஐந்தரைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு காந்தி சிலைப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், அவன் நிற்கிற இடத்திலெல்லாம் நீங்களும் நில்லுங்கள். காதும் கண்ணும் மங்கின நாய்க்குக்கூட மூக்கு நன்றாகவே வேலை செய்யும். மீன், உப்பு, ஊரிலுள்ள மற்ற நாய்கள், நேற்று யாரோ சிந்திய சுண்டல் என்று அவன் மோந்து பார்க்க அவ்வளவு இருக்கிறது அங்கே. ஒரே கம்பத்தடியில் பத்து நிமிஷம் நின்றாலும் இழுக்காதீர்கள். அவன் கடலுக்கு வந்ததே அதற்குத்தான்.

மணலில் கால் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் வீராம்பட்டினம் போங்கள், விடியற்காலையில். காய்ந்த மணலில் கால் புதைந்து புதைந்து எடுக்க வேண்டும், மூட்டு வலி உள்ள நாய்க்கு அது மலை ஏறுகிற மாதிரி. அலை வந்து போன ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதிலேயே நடத்துங்கள். ஒரு நீளத் துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால் பின்னங்காலுக்குத் தாங்கலாக இருக்கும். தண்ணீருக்குள் இறக்க வேண்டாம். நம் கரை சரிவானது, அலை கரையை ஒட்டியே வந்து உடையும். பலமான மனிதரையே புரட்டிப்போடுகிற அலை அவன் காலை வாரிவிடும். பாதம் நனைந்தால் போதும்.

கடல் தண்ணீரைக் குடிக்க விடக்கூடாது. இரண்டு வாய் போனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், நிறையக் குடித்துவிட்டால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரைக்கும் போகும். அதனால் பாட்டிலில் நல்ல தண்ணீரும் ஒரு கிண்ணமும் கையிலேயே இருக்கட்டும், அவன் கேட்பதற்கு முன்பே காட்டுங்கள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரால் கால், வயிறு, விரலிடுக்கு எல்லாம் கழுவி நன்றாகத் துவட்டுங்கள். காலை எட்டு மணிக்குள் அறைக்கு வந்துவிட வேண்டும். மணல் சுடுகிறதோ என்று சந்தேகமாக இருந்தால் புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள், ஏழெட்டு நொடி வைத்திருக்க முடியவில்லையென்றால் அவன் பாதமும் தாங்காது.

கேள்வி: சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரை சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். பாரடைஸ் பீச்சும் பார்க்க ஆசை. நாயைக் கூட்டிப் போகலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: இரண்டுக்கும் நாய் வேண்டாம். ஈடன் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது, சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தருகிற சர்வதேசச் சான்று அது. அந்தச் சான்றுக்கான விதிகளிலேயே நாய்களைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. பாரடைஸுக்குச் சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் போக வேண்டும், கூட்டமும் இரைச்சலும் தாங்காது. உங்கள் குடும்பம் இரண்டு பிரிவாகப் போய் வாருங்கள், ஒருவர் நாயோடு அறையில் இருக்கட்டும்.

கேள்வி: சாப்பிடப் போகும்போது நாயை அறையில் பூட்டிவிட்டுப் போகலாமா, இல்லை காரிலேயே கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வைத்திருக்கலாமா?
– வாசகர், நெய்வேலி

பதில்: காரில் கூடாது. நிழலில் நிறுத்தினாலும், கண்ணாடியை இறக்கினாலும், பத்தே நிமிஷம் என்றாலும் கூடாது. நின்ற காருக்குள் சூடு ஏறுகிற வேகம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

அறையிலும் தனியாகப் பூட்டிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. வயதான நாய்களில் சிலவற்றுக்கு நினைவு தடுமாறும். பழகின வீட்டில் அது தெரியாது, புது அறையில் இருட்டினதும் மூலையில் போய் நின்றுகொண்டு வழி தெரியாமல் அழும். முறை வைத்துச் சாப்பிடப் போங்கள், அல்லது ஒருவேளைக்குப் பார்சல் வாங்கி எல்லாரும் அறையிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். ராத்திரி சின்ன விளக்கு ஒன்று எரியட்டும்.

கேள்வி: நடந்துவிட்டு வந்தபின் எங்கள் நாய் வலியில் முனகுகிறது. வீட்டில் எனக்கு மூட்டு வலிக்குக் கொடுத்த மாத்திரை இருக்கிறது. பாதி கொடுக்கலாமா?
– வாசகி, சென்னை

பதில்: வேண்டாம் அம்மா, கால் மாத்திரைகூட வேண்டாம். பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும், ஐபுப்ரோஃபென் வயிற்றில் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கென்று தனி வலி மாத்திரைகள் இருக்கின்றன, எடை பார்த்து டாக்டர் எழுதித் தர வேண்டும். முனகுகிறது என்றால் அதிகம் நடத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். மறுநாள் பாதித் தூரம் போதும்.

கேள்வி: எங்கள் வீடு தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச்சுக்குப் பக்கம். பதினான்கு வயது நாட்டு நாய். ஒரு காலத்தில் அலையோடு ஓடிப்பிடித்து விளையாடும், இப்போது மணலில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. பழையபடி தண்ணீருக்குள் இழுத்துப் போனால் சுறுசுறுப்பு வருமா? பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.
– வாசகர், கடலூர்

பதில்: இழுக்காதீர்கள் தம்பி. அது உட்கார்ந்திருப்பது சோகத்தால் என்று நீங்களாக நினைத்துக்கொள்கிறீர்கள். காதை எப்படி வைத்திருக்கிறது, மூக்கு அசைகிறதா என்று பாருங்கள். காற்றுப் பக்கம் மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தால் அதற்கு அதுதான் பிடித்திருக்கிறது. பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். சாப்பாட்டைக் குறைத்துவிட்டது, படுத்தால் எழுவதில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் மட்டும் டாக்டரிடம் போங்கள். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்கு உங்கள் பக்கம் கூட்டம் நெரியும், அன்று வீட்டிலேயே இருக்கட்டும். புதுச்சேரியில் வைத்திக்குப்பத்திலும் அன்று அப்படித்தான்.

கேள்வி: நாயை அவிழ்த்துவிட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அசிங்கம் செய்தால் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள். எங்கள் வலையெல்லாம் அங்கேதான் காய்கிறது. இதையும் எழுதுங்கள்.
– வாசகர், புதுச்சேரி

பதில்: எழுதுகிறேன், நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். கரை என்பது மீனவர்கள் வேலை செய்கிற இடம், விருந்தாளியாக வருகிற நாம் அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ள வேண்டும். பழைய செய்தித்தாளோ பிளாஸ்டிக் பையோ எடுத்து வந்து அள்ளி, குப்பைத்தொட்டியில் போடுங்கள். வலை காயும் இடத்துக்கு நாயை விடாதீர்கள்.

கயிற்றை அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் ராத்திரியில் இந்தக் கரைக்கு வந்து முட்டையிடும், நாய் மோந்து பார்த்துத் தோண்டினால் ஒரு கூடே போய்விடும். கரையிலேயே வாழ்கிற தெரு நாய்களுக்கு அது சொந்த எல்லை, வெளியூர் நாய் வந்தால் கும்பலாக வரும், ஓடித் தப்பிக்க உங்கள் கிழ நாய்க்குக் கால் வராது. வெறிநாய்க்கடி தடுப்பூசி தேதி தாண்டாமல் இருக்கட்டும்.

கேள்வி: கரையில் ஒதுங்கிக் கிடக்கிற மீனை நாய் வாயில் போட்டுக்கொண்டால் பரவாயில்லையா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: விடவே கூடாது. வலையில் வரும் பேத்தை மீனை மீனவர்கள் மணலில் வீசிவிட்டுப் போவார்கள், பலூன் மாதிரி வயிறு உப்பும் மீன் அது. அதிலிருக்கிற விஷம் நரம்பை முடக்கி மூச்சை நிறுத்திவிடும், மாற்று மருந்து கிடையாது. மற்ற மீனின் முள், தூண்டில் முள், அறுந்த நைலான் நரம்பு, சொறி மீன் (ஜெல்லி மீன்) எல்லாமே ஆபத்துதான். நாய் எதையாவது விழுங்கிவிட்டு எச்சில் ஒழுகி, தள்ளாடினால் காத்திருக்காதீர்கள். வீட்டு வைத்தியமாக உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஊருக்குள் தனியார் கால்நடை டாக்டர்களும் இருக்கிறார்கள். வந்து இறங்கின அன்றே தங்குகிற இடத்தில் விசாரித்து, ராத்திரியில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டு, இரண்டு நம்பர் போனில் போட்டுக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் ஒருவர் வண்டியை எடுக்கட்டும், இன்னொருவர் போகிற வழியிலேயே போன் செய்து நாயின் எடையையும் என்ன தின்றது என்பதையும் சொல்லிவிடட்டும்.