வற்றாப்பளைக்குக் கூட்டிப் போனதாலா?

வணக்கம் அக்கா,

புதுக்குடியிருப்பில் இருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். போன வருடம் என் மனைவிக்குக் குருதிப் புற்றுநோய் என்றார்கள், ஏ.எம்.எல். என்ற வேகமாக முற்றும் வகை. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றி, நோய் அடங்கிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைமயிர்கூட முளைத்துவிட்டது. வைகாசியில் அவள் ஆசைப்பட்டாள் என்று வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூட்டிப் போனேன். ஆடியில் இரத்தம் சோதித்தால், நோய் திரும்பிவிட்டது. "அந்தச் சனத்துக்குள்ளே ஏன் கொண்டு போனாய்?" என்று அம்மா கேட்கிறா. நான்தான் காரணமா? அடுத்த கிழமை மறுபடி மகரகம. இரத்தம் குறைவு, ஏற்றப் போகிறோம் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். பெண்கள் வாட்டில் என்னை நிற்க விடுவதில்லை, மச்சாள்தான் நிற்கிறா. வெளியே வாங்கில் இருந்துகொண்டு நான் என்னத்தைச் செய்கிறது?

தம்பி,

நீங்கள் காரணமில்லை. நோய் பிடிபடும் நேரம் உடம்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றுக் கலங்கள் இருக்கும் என்பது மருத்துவக் கணக்கு. கீமோவுக்குப் பிறகு, இரத்தம் உருவாகிற என்பு மச்சையில் முதிராத கலங்கள் நூற்றுக்கு 5க்குக் கீழே இறங்கி, மற்ற அணுக்களும் தேறினால் 'அடங்கிவிட்டது' என்பார்கள். அப்போதும் நூறு கோடி வரை மிச்சம் இருக்கலாம். திரும்பி வந்தது அந்த மிச்சம்தான். வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தாலும் வந்திருக்கும். சனக்கூட்டத்தில் தொற்றுவது சளியும் காய்ச்சலும். அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள். பாவம், அவவுக்கும் யாரையாவது பேசினால்தான் மனம் ஆறும் போல. என்னைக் கேட்டால், பொங்கலுக்குப் போன அந்த நாள் உங்கள் மனைவிக்குக் கிடைத்தது நல்லது.

உங்கள் பயத்துக்கு உண்மையில் வேலை இருக்கிற இடம் காய்ச்சல். கீமோ முடிந்து வெள்ளை அணுக்கள் விழுந்திருக்கும் கிழமைகளில் சின்னத் தொற்றே உயிரை எடுத்துவிடும். அந்த நேரம் வீட்டுக்கு விட்டால் வெப்பமானி கையோடு இருக்கட்டும். 38 பாகை, பழைய கணக்கில் 100.4, காட்டினால் பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். சூட்டை அது மறைத்துவிடும், தொற்று உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து மகரகமவுக்குத்தான் போவோம் என்றும் நிற்க வேண்டாம். இரவோ பகலோ, முல்லைத்தீவோ கிளிநொச்சியோ, கிட்ட உள்ள பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டோவைப் பிடியுங்கள். துண்டு எடுத்து வரிசையில் இருக்காமல் வாசலிலேயே கிளினிக் கொப்பியை நீட்டி, "கீமோ ஏற்றினது, வெள்ளை அணு குறைவு, இப்போ காய்ச்சல்" என்று சொல்லுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் நரம்பில் அன்ரிபயோற்றிக் ஏற வேண்டிய ஆள் அவ. அப்புறம், இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுக் கூடும் என்று யாராவது பப்பாசி இலையை இடித்துச் சாறு கொண்டு வருவார்கள். டெங்குக் காலத்துப் பழக்கம். வாங்கி வைத்துவிட்டு, அவர்கள் போனதும் ஊற்றிவிடுங்கள். பச்சை இலையில் இருக்கும் கிருமியும் அவவுக்கு ஆபத்து.

'இரத்தம் குறைவு' என்ற கதை சரிவராது. முந்திக் கிடந்த அதே வாட்டுக்குத்தானே போகிறா? பக்கத்துக் கட்டிலில் என்ன ஏறுகிறது என்று பார்த்தவவுக்குத் தன் கையில் என்ன ஏறுகிறது என்று தெரியாதா? உங்கள் வயதுக்காரர் 2009ஐயும் கடந்து வந்தவர்கள். அவவிடம் எதை மறைக்கப் போகிறீர்கள்? மகரகமவுக்குப் போவதற்கு முதலே சொல்லிவிடுங்கள். அங்கே டொக்டர் பேசும்போது தமிழ் தெரிந்த நேர்ஸ் ஒருவரைக் கூப்பிடச் சொல்லி, அவவின் முன்னாலேயே கேளுங்கள். பாதி விளங்கி, மீதியை நாமாக நினைத்துக்கொள்வதுதான் பெரிய கரைச்சல்.

வாங்கில் இருக்கிறவருக்கும் வேலை உண்டு. குருதிச் சிறுதட்டுகளை 5 நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் இரத்த வங்கிக்கு எப்போதும் ஆள் தேவை. என்ன உதவி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் நெஸ்டமோல்ட் வாங்கி வராமல் இரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். மச்சாளை இடைக்கிடை ஊருக்கு விட்டு, அம்மாவை அல்லது வேறு ஒருவரை நிற்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. நோய் மறுபடி அடங்கினால் என்பு மச்சை மாற்றுப் பற்றிப் பேச்சு வரலாம். கூடப்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அவவுக்குச் செய்யலாமா என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் அவவின் சகோதரங்களின் பெயர், வயது, இருக்கிற நாடு எல்லாவற்றையும் இப்போதே கொப்பியின் பின் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.