ஒரே காணிக்கு நான்கு ஊர்ப் பெயர்கள்: முற்பணம் அனுப்பலாமா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஒரு 50 ஏக்கர் காணியின் பின்பக்கத்து 10 ஏக்கர் மலிவாக வருகிறது. தரகர் அனுப்பிய பழைய உறுதியில் 'கிங்ஸ் கவுண்டி, ஸ்டட்ஹோம் பேரிஷ்' என்று எழுதப்பட்டிருக்கிறது. வரிக் கடிதத்தில் 'பட்டர்நட் வேலி' என்று இருக்கிறது. அஞ்சல் முகவரியோ 'சசெக்ஸ்' என்கிறது. பேரிஷ் என்பதால் இது தேவாலயக் காணியாக இருக்குமோ என்று மனைவி அஞ்சுகிறார். தரகர், எல்லாம் வெறும் பெயர் மாற்றந்தான், பேரிஷ் அலுவலகத்தில் விசாரித்துவிட்டேன் என்கிறார். முற்பணம் அனுப்பலாமா?"

முற்பணத்தை இப்போது அனுப்ப வேண்டாம். ஆனால் உங்களைக் குழப்பிய நான்கு பெயர்கள் அதற்குக் காரணமல்ல. அவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக, ஒரே நிலத்தின்மேல் எழுதப்பட்ட பெயர்கள் அவை. நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் 'பின்பக்கத்து 10 ஏக்கர்' என்பதும், தரகர் சொன்னதாக எழுதியிருக்கும் 'பேரிஷ் அலுவலகம்' என்பதுமே என்னைக் கவலைப்பட வைக்கின்றன.

முதலில் உங்கள் மனைவியின் அச்சத்தைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரித்தானிய முடியின் பக்கம் நின்று தோற்றவர்கள் ஆயிரக்கணக்கில் வடக்கே வந்து குடியேறியதால், 1784இல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து நியூ பிரன்ஸ்விக் தனி மாகாணமாகப் பிரிக்கப்பட்டது. 1785இல் அது எட்டுக் கவுண்டிகளாக, அதாவது பெரிய நிர்வாகப் பிரிவுகளாக, வகுக்கப்பட்டது. 1786இல் இயற்றப்பட்ட சட்டம் அந்தக் கவுண்டிகளைப் பேரிஷ்களாகப் பிரித்தது. கிங்ஸ் கவுண்டிக்கு அப்போது கிடைத்தவை வெஸ்ட்ஃபீல்ட், கிங்ஸ்டன், ஸ்பிரிங்ஃபீல்ட், சசெக்ஸ் என்ற நான்கு மட்டுமே. ஆங்கிலிக்கத் திருச்சபையின் வழக்கத்திலிருந்து பெயர் எடுக்கப்பட்டாலும் இவை நிர்வாகப் பிரிவுகளே. வீதியைப் பார்த்துக்கொள்ள ஒருவர், வேலித் தகராறைத் தீர்க்க ஒருவர், ஏழைகளைப் பராமரிக்க ஒருவர் என்று ஒவ்வொரு பேரிஷுக்கும் ஆண்டுதோறும் ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள். சசெக்ஸ் பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும், ஆதரவற்ற ஓர் ஏழையை மிகக் குறைந்த தொகைக்கு வைத்துச் சோறு போட யார் முன்வருகிறார்கள் என்று ஏலம் விட்டிருக்கிறார்கள். பேரிஷ் நிர்வாகம் என்பது எவ்வளவு சிக்கனமாக நடந்தது என்பதற்கு அதுவே போதும். ஆகவே உறுதியில் பேரிஷ் என்று இருப்பதால் காணிக்குத் தேவாலயம் உரிமை கோரிவிடாது.

குடியேற்றம் உள்ளே உள்ளே பரவப் பரவப் பெரிய பேரிஷ்களை வெட்டினார்கள். கெனபெகாசிஸ் ஆற்றையும் அதில் வந்து விழும் மில்ஸ்ட்ரீம் ஆற்றையும் ஒட்டிய பள்ளத்தாக்குகளும் அவற்றின் பின்னாலுள்ள குன்றுகளும் 1840இல் சசெக்ஸ் பேரிஷிலிருந்து பிரிக்கப்பட்டு ஸ்டட்ஹோம் ஆயின. செயின்ட் ஜான் ஆற்று முகத்துவாரத்தில் ஹோ கோட்டைக்குத் தலைமை வகித்து, பின்னர் இந்தப் பள்ளத்தாக்கிலேயே வந்து குடியிருந்த கில்ஃப்ரெட் ஸ்டட்ஹோம் என்பவரின் பெயர் அது. 1858இல் ஸ்டட்ஹோமிலிருந்தும் ஒரு துண்டு பிரிந்து ஹவ்லொக் பேரிஷ் ஆனது. இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு: 1858க்கு முந்தைய உறுதியில் 'ஸ்டட்ஹோம்' என்றும் பிந்தைய உறுதியில் 'ஹவ்லொக்' என்றும் எழுதப்பட்ட காணிகள் இருக்கின்றன. பெயர் மாறிவிட்டதே என்று பதறி, அதைத் திருத்தித் தருவதாகச் சொல்லும் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இனி 'பட்டர்நட் வேலி'. 1877 முதல் கவுண்டிகளுக்கு உள்ளாட்சி மன்றங்கள் இருந்தன. அவற்றின் வரி வசூலும் பாடசாலைகளும் இடத்துக்கு இடம் ஏழை பணக்காரன் என்று பிளந்து கிடந்ததால், வரியையும் உள்ளாட்சி நிதியையும் ஆராய்ந்த பர்ன் ஆணைக்குழு 1963இல் தந்த அறிக்கையைப் பின்பற்றி, முதலமைச்சர் லூயி ரொபிஷோவின் அரசு 1967 ஜனவரி 1இல் கவுண்டி மன்றங்களை அடியோடு கலைத்தது. நோக்கம் நியாயமானது. ஆனால் நாட்டுப்புறத்தைக் கேட்பாரற்று விட்டுவிட்டார்கள்: வாக்களித்துத் தெரிவுசெய்ய ஒரு சபை இல்லாமல், 'உள்ளூர்ச் சேவை மாவட்டம்' என்ற பெயரில், மாகாணத் தலைநகரத்து அமைச்சரே நேரடியாக நடத்தும் ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 2023 ஜனவரி 1இல்தான் மாகாணம் விழித்துக்கொண்டு, 340 உள்ளூர் அமைப்புகளைக் கலைத்தும் சேர்த்தும் 77 உள்ளாட்சிகளாகவும் 12 கிராமிய மாவட்டங்களாகவும் சுருக்கியது. பட்டர்நட் வேலி அப்படிப் பிறந்த பெயர். பழைய பேரிஷ் எல்லைகளைப் பார்த்துப் புதிய எல்லைகள் போடப்படவில்லை என்பதால், ஸ்டட்ஹோம் முழுவதும் ஒரே உள்ளாட்சிக்குள் வந்துவிட்டதாகவும் எண்ணக்கூடாது. அஞ்சல் முகவரியில் வரும் 'சசெக்ஸ்' அஞ்சல் விநியோகத்துக்கான பெயர். நகர எல்லைக்குள் காணி இருப்பதாக அதற்குப் பொருளில்லை. நகரத்துக்குள் காணி என்று விளம்பரம் செய்ய மட்டும் அது தரகருக்கு நன்றாக உதவுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு பேரிஷ் எங்கே உயிரோடு இருக்கிறது? மாகாணத்தின் உட்பிரிவு எல்லைகளை வரையறுக்கும் சட்டத்திலும், புள்ளிவிபரத் திணைக்களத்தின் பழைய கணக்கெடுப்பு அட்டவணைகளிலும், உறுதிகளின் முதற் பந்தியிலும் இருக்கிறது. அதற்கு சபையில்லை, எழுதுவினைஞர் இல்லை, கதவில்லை, தொலைபேசியில்லை. ஆகவே 'பேரிஷ் அலுவலகத்தில் விசாரித்தேன்' என்று உங்கள் தரகர் சொன்னது நடந்திருக்க முடியாத காரியம்.

நீங்கள் கேட்க வேண்டியது ஊர்ப் பெயரை அல்ல, காணித்துண்டின் அடையாள இலக்கத்தை. நியூ பிரன்ஸ்விக்கில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. ஊர், சபை, அஞ்சல் எது மாறினாலும் அந்தத் துண்டு பிரிக்கப்படாதவரை அந்த எண் மாறாது. வரிக் கடிதத்தில் இருப்பது வேறோர் எண், அதாவது வரிக் கணக்கு எண். ஒரே வரிக் கணக்கின் கீழ் மூன்று நான்கு துண்டுகள்கூட இருக்கலாம் என்பதால், வரிக் கணக்கு எண்ணைக் காட்டி 'இதுதான் காணி எண்' என்று சொல்வதை ஏற்கவேண்டாம்.

இப்போது உங்கள் 10 ஏக்கருக்கு வருவோம். நீங்கள் படமெடுத்து அனுப்பியிருக்கும் உறுதியில், பொது வீதியோரத்து மேப்பிள் மரம் ஒன்றில் தொடங்கி, 40 ராட் அகலமும் 200 ராட் நீளமுமாக எல்லை போகிறது. ஒரு ராட் பதினாறரை அடி. அப்படியானால் காணி 660 அடி அகலத்தில் 3,300 அடி உள்ளே ஓடுகிறது. கணக்குச் சரியாக 50 ஏக்கர் வருகிறது. ஆற்றையோ வீதியையோ முகப்பாக வைத்துக் குன்றை நோக்கி நீளும் ஒடுக்கமான துண்டுகள் அந்தப் பக்கத்தில் சாதாரணம். அதன் பின்கோடியில் 10 ஏக்கர் என்றால் 40 ராட்டுக்கு 40 ராட் சதுரம்; அது வீதியிலிருந்து 160 ராட் தள்ளி, அதாவது 2,640 அடி, சரியாக அரை மைல் உள்ளே தொடங்குகிறது. அந்த அரை மைலும் விற்பவருடைய காணி. பனிக்காலத்தில் அதில் யார் வழி வெட்டித் தருவார்கள் என்பதை விடுங்கள். அதில் நடந்து போக உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதே கேள்வி.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த 10 ஏக்கர் சட்டத்தின் கண்ணில் இன்னும் பிறக்கவேயில்லை என்பது. 50 ஏக்கருக்கு ஓர் இலக்கம் இருக்கிறது; உங்கள் சதுரத்துக்கு இல்லை. காணியைப் பிரிப்பதென்றால் நில அளவையாளர் வரைபடம் தயாரித்து, அந்தப் பிரதேசத்துத் திட்டமிடல் அலுவலர் ஒப்புதல் அளித்து, அதன் பின்னரே பதிவு செய்ய முடியும். புதிய துண்டு பொது வீதியைத் தொடவேண்டும், அல்லது திட்டமிடல் குழு ஏற்கும் வேறு வழி இருக்கவேண்டும். உங்கள் சதுரத்துக்கு இரண்டுமில்லை.

இதைத் தரகர்கள் அறியாதவர்களல்லர். அதனால்தான் 'பிரிக்காத பங்கு' என்ற தந்திரம் பரவியிருக்கிறது. 50 ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கு என்று உறுதியில் எழுதி, கையால் கீறிய ஒரு படத்தில் ஐந்து கட்டம் போட்டு, ஐந்து குடும்பங்களுக்கு விற்றுவிடுகிறார்கள். சட்டப்படி அந்த ஐந்து குடும்பங்களும் 50 ஏக்கர் முழுவதற்கும் கூட்டு உரிமையாளர்கள். படத்திலுள்ள கட்டம் யாருக்கும் சொந்தமில்லை. ஒருவர் வீடு கட்ட வேண்டுமென்றால் ஐவரும் கையெழுத்திட வேண்டியிருக்கும். ஒருவர் கடன்பட்டால் அவரது பங்கின்மேல் வரும் தடை எல்லோருக்கும் தலைவலி. ஒன்ராறியோவில் பெற்ற விற்பனை முகவர் உரிமம் நியூ பிரன்ஸ்விக்கில் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே காணி விற்கும் முகவருக்கு அந்த மாகாணத்து உரிமம் வேண்டும். காணியைப் பதிவு செய்யும் சட்டத்தரணியும் அந்த மாகாணத்தவராக இருக்கவேண்டும். தரகர் 'எங்கள் சட்டத்தரணியே இரு பக்கத்துக்கும் பார்ப்பார், உங்களுக்குச் செலவு மிச்சம்' என்றால், அந்த மிச்சத்தை நீங்கள் பெற்றுக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்தக்கூடிய விதிவிலக்கு ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பெயர்கள் தீங்கற்றவை என்று மேலே சொன்னது இங்கே மட்டும் பொருந்தாது. ஸ்டட்ஹோம் பேரிஷின் வடமேற்கு விளிம்பு குயின்ஸ் கவுண்டியைத் தொடுகிறது. பழைய பதிவு முறையில் உறுதிகள் கவுண்டி வாரியாகவே பதியப்பட்டன. கிங்ஸ் கவுண்டிக்குப் பதிவகம் ஹாம்ப்டன் என்ற ஊரில், குயின்ஸ் கவுண்டிக்கு வேறிடத்தில். எல்லைக் கோட்டில் குந்தியிருக்கும் காணிக்கு, ஒரு தலைமுறை கிங்ஸ் பதிவேட்டில் உறுதி முடித்திருக்கும். அடுத்த தலைமுறையில் ஓர் ஈடோ வழியுரிமையோ குயின்ஸ் பதிவேட்டில் மட்டும் ஏறியிருக்கும். உரிமைத் தொடரை 40 ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடும் சட்டத்தரணி ஒரு பதிவேட்டை மட்டும் பார்த்தால் அந்த ஈடு அவர் கண்ணில் படாது. ஆகவே உங்கள் 50 ஏக்கரின் பின்கோடி கவுண்டி எல்லைக்கு அருகிலா என்பதை வரைபடத்தில் பாருங்கள். அருகிலென்றால், இரு கவுண்டிப் பதிவேடுகளையும் தேடினேன் என்று சட்டத்தரணியிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. புதிய நில உரிமைப் பதிவு முறைக்கு ஏற்கெனவே மாறிவிட்ட காணிக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இன்னும் மாறாத காணி விற்பனையாகும்போது மாற்றியாக வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் புதிய முறை உரிமையை உறுதிப்படுத்துகிறதே தவிர, எல்லையையோ பரப்பளவையோ உறுதிப்படுத்துவதில்லை. அரசின் இணைய வரைபடத்திலுள்ள கோடுகளும் வழிகாட்டும் படங்களே. அவற்றைக் கொண்டு வேலி போட முடியாது. மேப்பிள் மரம் எப்போதோ விழுந்திருக்கும், திசைகாட்டி காட்டும் வடக்கும் நூறாண்டில் நகர்ந்திருக்கும். எனவே அளவையாளர் செலவைத் தவிர்க்க எண்ணாதீர்கள்.

வாங்கியே தீர்வது என்றிருந்தால், விற்பவர் தம் செலவில் காணியைப் பிரித்து, வழியுரிமையோடு ஒப்புதல் பெற்று, புதிய இலக்கம் கிடைத்த பின்னரே விற்பனை முடியும் என்று நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். முற்பணம் அந்த மாகாணத்தில் நீங்கள் அமர்த்திய சட்டத்தரணியின் பொறுப்புக் கணக்கில் இருக்கட்டும். விலையிலோ அரசு மதிப்பிலோ எது அதிகமோ அதன் 1 சதவீதம் உரிமை மாற்ற வரியாகப் போகும். தரகர் காட்டும் சென்ற ஆண்டு வரித்தொகை 50 ஏக்கருக்குரியது என்பதால், உங்கள் துண்டுக்கு எவ்வளவு வரும் என்பதை அது சொல்லாது. தாமே வசிக்கும் உரிமையாளருக்குக் கிடைக்கும் வரிச் சலுகையும் வெறுங்காணிக்குக் கிடைக்காது.